லியோவுக்கு முன்னால்: ஒரு டீக்கடைக் கம்பெனியின் கதை

வியாபார அலுவலக வேலைக்கென்றே கட்டப்பட்ட முதல் கணினி எது என்று கேட்டால், நம்மில் பலர் ஏதாவது அமெரிக்கக் கம்பெனி பேரைத்தான் சொல்வோம். லண்டனில் டீயும் கேக்கும் வித்துக்கிட்டிருந்த ஜே. லயன்ஸ் கம்பெனி கட்டிய லியோ அது. 1951 நவம்பரில் பேக்கரிச் சரக்கின் மதிப்புக் கணக்கைப் போட ஆரம்பித்தது.

லியோ பற்றி எழுதுகிறவர்கள் வால்வு, பாதரசக் குழாய் என்று இயந்திரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ கதை 1932-லேயே தொடங்குவதாகப் படுகிறது. அந்த வருஷம் லயன்ஸ், அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸ்தான் இதற்கெல்லாம் பின்னால் இருந்த ஆள். இந்தப் படிவம் எதுக்கு, இதை யார் படிக்கிறாங்க, நிறுத்தினா என்ன ஆகும்: அவர்களுடைய பிழைப்பே இந்தக் கேள்விகள்தான். 1947-ல் இரண்டு அதிகாரிகள் அமெரிக்கா போய்க் கணினிகளைப் பார்த்து வந்தபோது, எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம் என்பது லயன்ஸுக்குத் தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் கணினித் திட்டத்துக்குப் பணம் கொடுத்து உறவும் பிடித்துக்கொண்டார்கள்.

சம்பளக் கணக்கில் ரொம்பவே நிதானம். ஒரு குமாஸ்தா எட்டு நிமிஷத்தில் போடும் ஒருவர் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் போட்டது. ஆனாலும் குமாஸ்தாக்களை உடனே எடுத்துவிடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 1954-ல் முழுசாக லியோவிடம் விட்டார்கள். தப்பு வந்தால் அடிபடுவது தொழிலாளியின் வாரக் கூலி ஆச்சே.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதே வருஷம் வந்த டீக்கடை ஆர்டர் வேலை. மறுநாளைக்கு என்னென்ன வேணும் என்று கடையை நடத்தும் அம்மாக்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அப்படியே கார்டில் துளையிட்டு இயந்திரத்துக்குள் தள்ளியிருக்கலாம், செலவுதான் ஏறியிருக்கும். டேவிட் கேமினர் குழு ஆர்டர் முறையையே மாத்தியது. திங்களுக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான ஆர்டர் லியோவிடம் இருக்கும். தலைமையகத்திலிருந்து தினமும் போன் வரும். அந்த அம்மா மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் பெண் அதைக் கேட்டுக்கொண்டே கார்டில் துளையிட்டுவிடுவார். மாற்றம் இல்லையா, அந்தப் பொருளுக்குக் கார்டே கிடையாது.