ஹெரால்டு காரின் கூரை

1/ சிட்லபாக்கத்துல இருந்து பெருங்களத்தூர் பக்கம் போறவரா நீங்க? ஜிஎஸ்டி ரோட்டோரம் இப்ப ஐடி பார்க் இருக்குற இடத்துலதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்துச்சு.

2/ 1961ல இருந்து 1971 வரை அந்தக் கம்பெனி தயாரிச்ச கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூலம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி. அதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962ல ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு.

3/ ஹெரால்டுக்கு பாடி தனி, சேஸிஸ் தனி. ரெண்டு கதவு மாடல்ல கூரையும் போல்ட் போட்டு மாட்டினதுதான். கழற்றினா திறந்த கார் ரெடி! பழைய காருக்கு மதிப்பே இல்லாத காலம். யாரு கேட்கப்போறாங்க?

4/ இப்ப கதை வேற. 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயசு தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் 'விண்டேஜ்'. 'விஏ' நம்பர் அதுக்குத்தான். ஹெரால்டு எல்லாமே 50ஐத் தாண்டியாச்சு. ஆனா கூரை போனது?

5/ மாத்துறது பாவம் இல்லைங்க. சீட் பெல்ட் தாராளமா மாட்டுங்க. கேஷுவாலிட்டில நிக்கிறவன் சொல்றேன். ஆனா திரும்பப் பழையபடி ஆக்க முடியுற மாற்றமா இருக்கட்டும். ஆபரேஷன்ல எடுத்த கட்டியைக்கூட லேபிள் ஒட்டித்தான் லேபுக்கு அனுப்புறோம். கழற்றின கூரையைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. செஞ்ச தொழிற்சாலையே இப்ப இல்ல.