தாத்தாவின் நிலம்: பட்டாவில் பெயர் இல்லையென்றால் உரிமையும் இல்லையா?

"ஊர்ல நமக்கு நிலம் இருக்கு." மலேசியத் தமிழர் இல்லங்களில் மூன்று தலைமுறைகளாகக் கேட்கும் பேச்சு இது. அது எந்த ஊர், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட வந்தவர்கள் அல்லர். நாலு காசு சேர்த்து, அடகு வயலை மீட்டு, ஊர் திரும்புவதே அவர்களின் கனவு. ஆகவே பாகம் பிரிக்காமலேயே நிலத்தை அண்ணன் தம்பியிடம் விட்டு வந்தனர். வாய்ச்சொல்தான் பத்திரம்.

1938-இல் உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயா வருவதை இந்திய அரசு நிறுத்தியது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கடிதமும் பணமும் தடைபட்டன. 1957-இல் நாடு சுதந்திரமடைந்தது. குடியுரிமை பெற்றவர்கள் இந்நாட்டு மக்களாயினர். ஊர் நிலம் உழுதவர் கையிலேயே இருந்தது.

அடுத்த திருப்பம் 1979-க்கும் 1987-க்கும் இடையில் வந்தது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் 'யூ.டி.ஆர்.' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அப்போது நடத்தியது. கடல் கடந்தவர்களுக்காகப் பேச ஆளில்லாத இடங்களில் அவர்களின் பெயர் விடுபட வழி ஏற்பட்டது.

பெயர் போனால் உரிமையும் போய்விடுமா? இல்லை. பட்டா வருவாய்த் துறை ஆவணமே. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று இந்திய நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, அந்நியர் 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தால் நிலம் கைவிட்டுப் போகலாம். பங்காளியின் அனுபவமோ மற்றப் பங்காளிகளுக்கும் சேர்த்ததாகவே கருதப்படும். "உனக்குப் பங்கில்லை" என்று அவர் வெளிப்படையாக மறுத்தால் அது மாறும். மறுப்பைக் கேட்ட பிறகும் சும்மா இருப்பதுதான் ஆபத்து.

இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்கள் அங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாகப் பெறலாம். பெண் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இது மாற்றாது.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். ஊர்ப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துக் கிராணி எழுதியது வேறு பெயர் என்றால், இருவரும் ஒருவரே என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அறுபது எழுபது ஆண்டுகள் அந்த மண்ணை உழுது, வரி கட்டிக் காத்தவர்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். வக்கீல் நோட்டீஸ் போகும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பேசினால், நிலத்தோடு உறவும் மிஞ்சக்கூடும். அதற்கும் ஊர்ப் பெயரும் வட்டமும் தெரிய வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.