கரக் சிங் வீட்டுக் கதவும் இரண்டு சென்னை நீதிபதிகளும்

அலிபிரி சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, மூட்டை முடிச்சுகளை இறக்கி ஸ்கேனில் போட்டு எடுக்காமல் மலையேறிய தமிழ்க் குடும்பம் நம் பக்கத்தில் இருக்காது. 2003 அக்டோபர் 1 அன்று இதே அலிபிரிப் பாதையில் அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு சென்ற வண்டிகளுக்குக் கண்ணிவெடி வைத்தார்கள். அவர் உயிர் தப்பினார். அதற்குப் பிறகு இந்தச் சோதனையை யாரும் குறை சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் 2023 மார்ச்சில் மலைமேல் முகத்தைப் படம் பிடித்து ஆளை அடையாளம் காணும் முறை சோதனையாக வந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் மலைக்குப் போகும் வண்டிக்கு ஃபாஸ்டேக் கட்டாயம் என்றார்கள். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் கடையில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் எதுக்குன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கா தாத்தா?" என்றான். இருக்கிறது என்றேன். "எப்போ வந்தது?" என்றான். அதற்குப் பதில் சொல்லப்போய் அன்றைய வியாபாரமே கெட்டது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

அரசு குடிமக்களைக் கண்காணிப்பது புதிதல்ல. வள்ளுவர் அதற்கென்றே ஒற்றாடல் என்று 59-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். குறள் சமண நூலா இல்லையா என்ற பழைய சண்டையை இங்கே கிளப்ப மாட்டேன், பயப்பட வேண்டாம். ஒற்றன் கொண்டுவரும் சேதியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும் என்பது அவர் போக்கு. வேவு பார்ப்பவனையும் வேவு பார் என்கிறார். ஆனால் அது அரசன் ஏமாறாமல் இருப்பதற்காகச் சொன்னது. வேவு பார்க்கப்படுகிற குடியானவன் என்ன ஆவான் என்ற கேள்வி அந்த அதிகாரத்தில் இல்லை. அந்தக் கேள்வி நம் நாட்டில் கோர்ட்டுப் படியேறியது குடியரசு வந்த பிறகுதான்.

முதலில் அது வந்த வழி ஒரு வியாபாரிக்குப் புரியும் வழி. 1953 நவம்பரில் டால்மியா ஜெயின் ஏர்வேஸ் என்ற கம்பெனி விவகாரத்தில் 34 இடங்களில் சோதனை போட்டுக் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் அள்ளிப் போனார்கள். (பெயரில் ஜெயின் என்று இருப்பதால் எங்களவர் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வடக்கு, நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார்கள்.) எம்.பி. சர்மா வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1954 மார்ச் 15 அன்று 8 நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். போகிற போக்கில், அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது போன்ற அந்தரங்கப் பாதுகாப்பை நம் அரசியல் சட்டம் செய்தவர்கள் வைக்கவில்லை என்றும் ஒரு வரி எழுதிவிட்டார்கள். வழக்குக்கு அந்த வரி தேவையே இல்லை. ஆனால் 60 வருஷம் அரசாங்க வக்கீல்கள் அதைப் பிடித்துத் தொங்கினார்கள்.

கணக்குப் புத்தகம் போவதென்றால் என்ன என்று எங்கள் அப்பா காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆபீஸ், யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். போன பேரேட்டில் கொள்முதலும் விற்பனையும் மட்டுமா இருந்தது? யார் யாருக்குக் கைமாத்துக் கொடுத்தோம், அத்தை கல்யாணத்துக்கு எந்த நகையை அடகு வைத்தோம் எல்லாம் இருந்தது. புத்தகம் திரும்பி வந்த பிறகு அப்பா வீட்டுக் கணக்கைப் பேரேட்டில் எழுதவே இல்லை.

அடுத்து வந்ததுதான் நான் சொல்ல வந்த வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தது. அன்று முதல் ராத்திரியில் சௌகிதாரும் கான்ஸ்டபிளும் வந்து கதவைத் தட்டுவார்கள், சத்தம் போட்டு எழுப்புவார்கள். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போகிற ஊர்ப் போலீசுக்கும் தகவல் போகும். தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1962 டிசம்பர் 18 அன்று 6 நீதிபதிகள் சொன்ன தீர்ப்பில் பெரும்பான்மையை எழுதியவர் என். ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டு எழுதியவர் கோகா சுப்பாராவ். ஒருவர் தமிழர், ஒருவர் ராஜமுந்திரித் தெலுங்கர். இருவருமே சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து மேலே போனவர்கள். 1948-இல் சுப்பாராவ் அங்கே பதவியேற்றபோது நம் சித்தூர் மாவட்டமும் சென்னை ஐகோர்ட்டின் கீழ்தான் இருந்தது. ஆந்திரா பிரிந்த பிறகு 1954-இல் ஆந்திர ஐகோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி ஆனார். அதே வருஷம் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். நம்மூர்ப் பிள்ளைகள் படிக்கிற அந்தக் கட்டடங்களைத் தாண்டிப் போகும்போது இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐயங்கார் சாதாரண ஆள் இல்லை. சென்னையில் நீதிபதியாக இருந்தபோதே 1959-இல் காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை தந்தவர். அதன் வழியில் வந்த 1970-ஆம் வருஷத்துச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது என்று வைத்தது, நாட்டில் மருந்து விலை இறங்கியது. அப்பேர்ப்பட்ட மனிதர் கரக் சிங் வழக்கில் பாதிக் கதவைத்தான் திறந்தார். ராத்திரியில் வீட்டுக்குள் வருவது செல்லாது என்றார். ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை என்ற பழைய ஆங்கிலக் கொள்கையையும் எடுத்துக் காட்டினார். அதோடு, அந்தரங்கம் என்பது நம் அரசியல் சட்டம் உத்தரவாதம் தந்த உரிமை அல்ல, ஆகவே போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து பார்ப்பதில் தப்பில்லை என்றும் எழுதினார். கோட்டைக்கு உள்ளே ஒரு சட்டம், வாசலில் வேறொரு சட்டம். நம்மவர் என்பதற்காக நான் மழுப்ப மாட்டேன், இது ஒட்டாத தீர்ப்பு.

சுப்பாராவ் ஒட்டவைத்துப் பார்த்தார். அவரோடு நீதிபதி ஷாவும் சேர்ந்துகொண்டார். போலீஸ்காரன் கண் முதுகில் குத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் நடப்பதை எப்படிச் சுதந்திரமாக நடப்பது என்று சொல்வது, அவனுக்கு நாடு முழுவதுமே சிறைதானே என்று கேட்டார். கையில் விலங்கு இல்லை என்பது போதாது. பார்க்கிறார்கள் என்ற நினைப்பே மனத்துக்கு விலங்கு, ஆகவே அந்த விதி மொத்தமும் செல்லாது என்பது அவர் முடிவு. ஆறு பேரில் இரண்டு பேர் என்பதால் அது சட்டம் ஆகவில்லை. பின்னால் தலைமை நீதிபதியாகி, 1967-இல் பதவியை விட்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றதைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் நம் தமிழ்நாட்டு வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் மிரட்ட, ஆசிரியர் ராஜகோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி, என்னைத் தனியே விடு என்று சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு, ஆனால் அதிகாரி தன் உத்தியோகச் செய்கையை மறைக்க அந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ள முடியாது என்றார். அந்தரங்கம் எளியவனுக்கு வேலி, அதிகாரத்துக்குத் திரை அல்ல என்று பிரித்துக் காட்டியது அந்தத் தீர்ப்புத்தான். 1996 டிசம்பர் 18 அன்று டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கு. தேதியைப் பாருங்கள், கரக் சிங் தீர்ப்பு வந்த அதே நாள். உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், அதை ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். ஒற்றனைச் சரிபார் என்று வள்ளுவர் சொன்னது வேறு ரூபத்தில் வந்தது.

ஆதார் வந்த பிறகு பழைய கதவை மறுபடி தட்டினார்கள். 2012-இல் வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி, அப்போது 86 வயது. என் வயதில் நாம் முழங்கால் வலி என்று உட்காருகிறோம்! 2015-இல் அரசுத் தரப்பு அந்த 1954 வரியையும் 1962 தீர்ப்பையும் காட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடியது. 8 பேர் எழுதியதை மாற்ற 9 பேர் வேண்டும். உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 1954 வரி போயிற்று, கரக் சிங் தீர்ப்பில் ஐயங்கார் எழுதிய அந்தப் பாதி போயிற்று, சுப்பாராவின் மாறுபட்ட கருத்தே சரி என்றார்கள். அவர் எழுதி 55 வருஷம் ஆகியிருந்தது. மறு வருஷம் ஆதாரைப் பெரும்பாலும் செல்லும் என்றாலும், செல்போன் கம்பெனியும் பாங்கும் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தரித்தார்கள். புட்டசாமி 2024-இல் 98 வயதில் காலமானார்.

சண்டை அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் கம்பெனிகளைக் கட்டுகிறது, ஆனால் மத்திய அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்குத் தரலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. 2025 ஜூலை 2 அன்று சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு கம்பெனி நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க 2011-இல் போட்ட உத்தரவை ரத்து செய்தார். லஞ்சப் புகாரைத் துப்புத் துலக்குவது பொது அவசரமும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்பது காரணம். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி ஐகோர்ட் ஒரு லஞ்ச வழக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தது.

இவ்வளவும் கேட்ட பையன், "அப்போ அலிபிரிக்கு என்ன சொல்றீங்க?" என்றான். 2017 தீர்ப்பு மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறது. இதற்குச் சட்டம் இருக்கிறதா, நியாயமான நோக்கம் இருக்கிறதா, நோக்கத்துக்கு மிஞ்சிப் போகாமல் அளவோடு இருக்கிறதா. நோக்கம் எனக்குப் புரிகிறது. ஒரே ஆள் இரண்டு மூன்று டோக்கன் வாங்குவதும், அறைகளில் தரகர் புகுவதும் நின்றால் நல்லதுதான் என்றேன்.

"மூணுல ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க தாத்தா" என்றான். ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டோக்கன் வாங்க பூதேவி காம்ப்ளெக்ஸ் பக்கம் கிளம்பினான்.