ஜூலை 16: ஒரே தேதி, நாலு நெருப்பு

"வரலாற்றில் இன்று"ன்னு பட்டியல் போடறதுல ஒரு சுகம் இருக்கு. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுட்டுப் பின்பக்கம் படிக்கிற அதே சுகம். ஆனா அந்தப் பட்டியல்ல எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு வரிதான். ராஜா பட்டம் கட்டினதுக்கும் ஒரு வரி, ஊரே எரிஞ்சதுக்கும் ஒரு வரி. படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடறோம்.

ஜூலை 16-க்குப் பட்டியல் போட்டா நீளமாவே வரும். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கின் முதல் நாள், பழைய ஜூலியன் காலண்டர்படி கி.பி. 622-ல் இந்தத் தேதின்னு சொல்வாங்க. 1979-ல் சதாம் உசேன் ஈராக் அதிபரானதும் இதே நாள்தான். இப்படி நிறைய. நான் அதுல நாலே நாலை மட்டும் எடுத்துக்கறேன். நாலுமே நெருப்பு சம்பந்தப்பட்டது.

1945: பாலைவனத்துல ஒரு சூரியன்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். விடியக்காலை நாலு மணிக்கு நடக்க வேண்டிய சோதனை, மழையும் இடியுமா இருந்ததால தள்ளிப்போச்சு. அஞ்சரைக்குக் கொஞ்சம் முன்னாடி, முப்பது மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் மேல வச்சிருந்த குண்டு வெடிச்சது. உலகத்தின் முதல் அணுகுண்டு வெடிப்பு. 'டிரினிட்டி'ன்னு பேர் வச்சிருந்தாங்க. கோபுரம் ஆவியாப் போச்சு. தரையில இருந்த மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியா மாறிச்சு. மூணரை வாரம் கழிச்சு நாகசாகியில போட்டது இதே வகை புளூட்டோனியம் குண்டுதான்.

பக்கத்துல இருந்த கண்காணிப்புக் கூடங்களே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மத்த பலர் இன்னும் தள்ளி நின்னாங்க. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. என்ரிகோ ஃபெர்மி கையில துண்டுக் காகிதங்களை வச்சுக்கிட்டு, அதிர்வலை வந்தப்போ கீழ விட்டு, அது எவ்வளவு தூரம் பறக்குதுன்னு பார்த்துக் குண்டோட பலத்தைக் கணக்குப் போட்டார். அவ்வளவு துல்லியமா யோசிக்கற ஆளுங்க.

ஆனா அந்தச் சுற்றுவட்டாரத்துல ஆடு மாடு வச்சுப் பிழைச்ச ஜனங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லல. வெடிச்ச பிறகு, ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சுடுச்சு, உயிர்ச்சேதம் இல்லைன்னு செய்தி கொடுத்தாங்க. வானத்துலேர்ந்து சாம்பல் விழுந்தது. மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக் குடிச்ச குடும்பங்கள் அவங்க. கதிர்வீச்சால பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு தர அமெரிக்கா 1990-ல் சட்டம் போட்டப்போகூட நியூ மெக்சிகோ ஜனங்க அதுல வரல. அவங்களையும் சேர்த்தது 2025 ஜூலையில. எண்பது வருஷம்!

1969: நெருப்பு மேல ஏறி நிலாவுக்கு

இருபத்து நாலு வருஷம் கழிச்சு அதே தேதி. ஃபுளோரிடாவுல காலை 9.32. நம்ம ஊர் நேரப்படி சாயங்காலம் ஏழு மணி ஆயிருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூணு பேரையும் ஏத்திக்கிட்டு அப்பல்லோ 11 கிளம்பிச்சு. 110 மீட்டர் உயர சாட்டர்ன் ராக்கெட், கிட்டத்தட்ட மூவாயிரம் டன். அதுல பெரும்பகுதி எரிபொருளும் அதை எரிய வைக்கிற திரவ ஆக்சிஜனும்தான். சுருக்கமாச் சொன்னா, பெரிய வெடிகுண்டோட உச்சியில மூணு பேரை உட்கார வச்சிருக்காங்க.

அதனாலதான் பத்திரிகைக்காரங்களை அஞ்சு கிலோமீட்டருக்கும் அப்பால நிறுத்தினாங்க. ராக்கெட் தலையில ஒரு தப்பிக்கும் கோபுரம். கீழ ஏதாவது வெடிச்சா வீரர்கள் இருக்கற கூண்டை மட்டும் பிடுங்கிக்கிட்டுப் பறந்துடும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது அந்தக் கூண்டோட கதவு. அதுக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை இருக்கு. 1967 ஜனவரி 27. அப்பல்லோ 1 விண்கலத்தைத் தரையிலேயே வச்சு ஒத்திகை பார்த்தாங்க. உள்ளே முழுக்க ஆக்சிஜன். எங்கேயோ ஒரு மின்பொறி. தீ பிடிச்சது. கதவு உள்பக்கமாத் திறக்கற கதவு. உள்ளே அழுத்தம் ஏறினதும் அதை இழுத்துத் திறக்க முடியல. கிரிஸம், ஒயிட், சாஃபி மூணு பேரும் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் ஆள் ஏத்திப் பறக்கறதை ஒன்றரை வருஷத்துக்கும் மேல நிறுத்தி வச்சாங்க. கதவை வெளிப்பக்கமாச் சில விநாடிகள்ல திறக்கற மாதிரி மாத்தினாங்க. எரியற பொருட்களைக் குறைச்சாங்க. ஏவும்போது உள்ளே வெறும் ஆக்சிஜன் நிரப்பறதை விட்டாங்க. ஒரு தீ, மூணு உயிர், மொத்த வடிவமைப்பும் மாறிச்சு. நிலாவுக்குப் போனது அந்தக் கதவு வழியாத்தான்.

1994: வியாழன்ல விழுந்த நெருப்பு

இது மனுஷன் மூட்டினது இல்லை. 1993 மார்ச்சில் கரோலின் ஷூமேக்கர், யூஜின் ஷூமேக்கர், டேவிட் லெவி மூணு பேரும் சேர்ந்து ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சாங்க. வியாழன் கிரகத்தோட ஈர்ப்பு அதை ஏற்கெனவே துண்டு துண்டா உடைச்சிருந்தது. முத்துமாலை மாதிரி வரிசையா வந்துக்கிட்டிருந்தது. அடுத்த சில வாரங்கள்லேயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க: 1994 ஜூலையில இதெல்லாம் வியாழன்மேல விழும்னு.

சொன்னபடி ஜூலை 16 அன்னிக்கு முதல் துண்டு விழுந்தது. (நம்ம நேரப்படி 17-ம் தேதி விடியக்காலை, கணக்குல கறாரா இருக்கறவங்க மன்னிக்கணும்!) ஒரு வாரத்துக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு இருபதுக்கும் மேல. சில தழும்புகள் பூமியை விடப் பெரிசு. உலகம் பூரா தொலைநோக்கியைத் திருப்பி வச்சுக்கிட்டுத் தயாரா இருந்தாங்க. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, ஆளே இல்லாத ஒரு கிரகத்துல எப்போ நெருப்பு விழும்னு ஒரு வருஷம் முன்னாடியே நமக்குத் தெரியும். மனுஷ மூளைக்கு அவ்வளவு சக்தி.

2004: காசிராமன் தெரு

சரியாப் பத்து வருஷம் கழிச்சு, அதே ஜூலை 16. வெள்ளிக்கிழமை. கும்பகோணம்.

ஒரே கட்டடத்துக்குள்ள மூணு பள்ளிக்கூடம். கீழே சத்துணவு சமைக்கற இடம், மேல கீத்துக் கூரை. பத்தரை, பதினொண்ணு வாக்குல சமையல் அடுப்பு நெருப்பு கூரையில பிடிச்சது. மாடியில வகுப்பறைகளுக்கும் கீத்துக் கூரைதான். மூங்கிலும் கீத்தும் எரிஞ்சு பிள்ளைங்க மேலேயே விழுந்தது. இறங்கறதுக்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள். பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்க.

இது யாருமே எதிர்பார்க்காத விபத்துன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்க. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கு, யாகசாலைப் பந்தல்ல தீ, 40 பேருக்கு மேல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி, கீத்துக் கொட்டகையில சங்கிலியால கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம், மாடியில போட்டிருந்த கீத்துப் பந்தல், மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல. ஸ்ரீரங்கத்துல எரிஞ்சு ஆறு மாசம்கூட ஆகல. கும்பகோணம் அங்கேர்ந்து ஒரு மூணு மணி நேரப் பயணம்.

ஏழு வருஷத்துல மூணு தடவை அதே கீத்து, அதே காவிரிக்கரையில ரெண்டு தடவை, எரிஞ்சு சொல்லிட்டுப் போயிருக்கு. நாலாவது தடவைதான் கேட்டோம். அப்புறம்தான் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. நீதிபதி சம்பத் தலைமையில விசாரணைக் கமிஷன் வந்தது. கும்பகோணத்தை முன்வச்சுப் போட்ட பொதுநல வழக்குல, பள்ளிக்கூடங்களுக்குத் தீத்தடுப்பு வசதி கட்டாயம்னு 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றவியல் வழக்குல தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30-ல. பத்து வருஷம் ஆச்சு. உயிரோட இருந்திருந்தா அந்தப் பிள்ளைங்கள்ல பாதிப் பேர் கல்லூரியில இருந்திருப்பாங்க. பள்ளி நிறுவனருக்குக் கொடுத்த ஆயுள் தண்டனையை 2017-ல் உயர் நீதிமன்றம் குறைச்சது.

இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்குத் தோணறது இதுதான். நெருப்பைப் பத்தி மனுஷனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை. எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும், கதவு எந்தப் பக்கம் திறக்கணும், எந்த நாள் விழும்னு எல்லாம் தெரியும். ஆனா அந்தக் கணக்கை யாருக்காகப் போடறோம்கறதுலதான் வித்தியாசம். விஞ்ஞானிக்குப் போட்டோம், வியாழனுக்குக்கூடப் போட்டோம். மழைத்தண்ணி குடிச்ச நியூ மெக்சிகோ விவசாயிக்குப் போடல. ஸ்லேட்டும் தட்டும் எடுத்துக்கிட்டு வந்த பிள்ளைக்குப் போடல. ராக்கெட் விஞ்ஞானம் தெரியாம அந்தப் பிள்ளைங்க சாகல. இன்னொரு அகலமான படிக்கட்டு, தகரமோ ஓடோ போட்ட ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஜூலை 16-ம் அந்தப் பெத்தவங்க காசிராமன் தெருவுல படங்களை வச்சு மெழுகுவத்தி ஏத்தறாங்க. நாம அதைச் செய்தியில பார்த்துட்டு அடுத்த வரிக்குப் போயிடறோம்.

இந்தத் தடவை போக வேண்டாம். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் பள்ளிக்கூடம் போறப்போ, மார்க் கேட்டது போக மிச்ச நேரத்துல ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க. உங்க பிள்ளை வகுப்புலேர்ந்து இறங்க எத்தனை படிக்கட்டு இருக்கு? அந்தப் படிக்கட்டோட கதவுல இப்போ பூட்டு தொங்குதா? தொங்கினா, அங்கேயே நின்னு கேளுங்க.