மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர்

அலங்காநல்லூர் என்றால் உங்களுக்கு வாடிவாசல் நினைவுக்கு வரும். எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணிக் குட்டியானைதான் நினைவுக்கு வருகிறது. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நாற்று நடவும், களை எடுக்கவும், கரும்பு வெட்டவும் காலனியிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும் சின்னச் சரக்கு வண்டி அது. டாடா கம்பெனி 2005இல் அதற்கு ஏஸ் என்று பெயர் வைத்தது. நம் சனங்கள் குட்டியானை என்று வைத்தார்கள். பின்னால் இருக்கும் தொட்டி ஏறக்குறைய ஏழடிக்கு ஐந்தடி. அதில் இருபது பேர் நிற்பார்கள். பாதிப் பேர் கம்பியைப் பிடித்திருப்பார்கள். மீதிப் பேர் கம்பியைப் பிடித்தவர்களைப் பிடித்திருப்பார்கள்.

தை பிறந்தால் அதே வண்டியில் சல்லிக்கட்டுக் காளை வரும். வண்டியில் ஏற்றும் விலங்குகளுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015இல் 125-இ என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர். இந்தக் கணக்கில் பார்த்தால் குட்டியானையில் ஒரே ஒரு மாட்டைத்தான் ஏற்றலாம். விதியை நாங்கள் குறை சொல்லவில்லை. மாடும் உயிர்தான். ஆனால் அதே தொட்டியில் நிற்கும் பெண்ணுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று தேடினால் எங்கேயும் இல்லை. சரக்கு வண்டியில் கூலிப் பெண்களை ஏற்றுவதே சட்டப்படி தவறு என்பதால், சட்டத்தின் கணக்கில் அவர் அந்த வண்டியில் இல்லவே இல்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆபத்தான வண்டியைப் பார்த்தால் நூறுக்கோ 112க்கோ அடித்துச் சொல்ல வேண்டும், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னதும், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை குறுக்கிட்டாள். "நான் போன் போட்டா வண்டிய நிறுத்துவாங்க, சரி. எங்கம்மாவத்தான தோழர் நடுரோட்டுல எறக்கி விடுவாங்க? அன்னைக்குக் கூலிய யாரு குடுப்பா?"

அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வண்டியும் சாதியும் சேர்ந்து ஆளைக் கொல்லப் பார்த்த கதையை அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் இரண்டு முறை சொல்கிறார். முதல் கதை 1901இல் நடந்தது. அப்பாவைப் பார்க்க கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர்கள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறார். நிபந்தனை என்னவென்றால், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். பத்து வயதைத் தொட்டும் தொடாத பையன்கள் கையில் மூக்கணாங்கயிறு.

இரண்டாவது கதை 1929இல் நடந்தது. அப்போது அவர் பாரிஸ்டர். தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். துலேயிலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்காவில் நம் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைக்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் ஓட்ட வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த மக்கள், ஓட்டத் தெரியாத தங்களில் ஒருவரையே உட்கார வைக்கிறார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்கிறது. கல் தளத்தில் தூக்கி எறியப்பட்ட அண்ணலுக்குக் கால் முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில். மானத்தைக் காப்பாற்றப் போய் உயிரைப் பணயம் வைத்துவிட்டார்கள் என்று, தன் மக்கள்மேல் கோபப்படாமல், அவரே பின்னர் எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் நாங்கள் நினைப்பது ஒன்றுதான். அன்றைக்குக் காவல்துறை பதிவு செய்திருந்தால் 'அனுபவமில்லாத ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று முடித்திருப்பார்கள். ஓட்ட மறுத்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.

நம் பக்கம் பேருந்து வந்த பிறகும் கதை முடியவில்லை. 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 30 அன்றுதான், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த தோழர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிகளிடம் சொன்னவர்கள்தான் அவர்கள். ஆகவே, 'நம் சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் புகார் கொடுக்கப் போவதில்லை' என்று யாராவது மேடையில் பேசினால் நாங்கள் எழுந்து நிற்கிறோம். மேலூர் வட்டாரத்தில் மனு என்றால் என்ன, மனு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழி என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

சரி, அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதற்கான காரணம் காப்பீட்டுச் சட்டத்தில் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் வறட்சியான பகுதிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். காலனியில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிப்பது இதுதான்.

வண்டியால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்குக் காப்பீடு என்பது 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வந்துவிட்டது. சரக்கு வண்டியில் ஏறியவர் மூன்றாம் நபரா, இல்லையா என்பதில்தான் தகராறு. 1988 சட்டத்தை 1994இல் திருத்தியபோது, வண்டியில் கூடப் போகும் 'சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும்' பாதுகாப்புக்குள் வந்தார்கள். தேங்காய்க்குச் சொந்தக்காரர் உள்ளே வந்துவிட்டார். மற்றவர்கள்? சத்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் இரக்கத்தோடு தீர்ப்புச் சொன்னது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றது. மூன்றே ஆண்டில், 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ரத்து செய்தது. 1994 திருத்தத்துக்குப் பிறகும் நிலைமை இதுதான் என்று 2004இல் பல்ஜித் கவுர் வழக்கு உறுதி செய்தது. 2007இல் வந்த பிரிஜ் மோகன் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. டிராக்டர் டிரெய்லரில் மண் ஏற்றிப் போன கூலித் தொழிலாளி அவர். விவசாயத்துக்கு என்று காப்பீடு செய்த டிராக்டர் செங்கல் சூளை வேலைக்குப் போனதால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஏழை என்பதால் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் கைவிட்டதை நீதிபதியின் மனசு தூக்கிவிட்டது. எல்லா ஊரிலும் எல்லா நீதிபதிக்கும் அதே மனசு இருக்கும் என்று நம்பி அம்மாவை வண்டியில் ஏற்றிவிட முடியுமா?

வண்டி உரிமையாளரிடம் சம்பளம் வாங்கும் தொழிலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டின் வழியாக ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தத் தங்கையின் அம்மா யாருடைய தொழிலாளி? நிலம் ஒருவருடையது, ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி இன்னொருவர், வண்டி மூன்றாமவருடையது. விபத்து நடந்த அன்றைக்கு மூன்று பேரும் 'அவங்க எங்க ஆள் இல்லீங்க' என்பார்கள். கூலியில் பிடிக்கும்போது மட்டும் எல்லாருக்கும் அவர் சொந்த ஆள்.

அளவுக்கு மீறி ஏற்றுவதில் லாபம் ஒருவருக்கும் சாவு இன்னொருவருக்கும் என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய கப்பல்களில் கொள்ளாத அளவுக்குச் சரக்கு ஏற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். மூழ்கினால் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வரும். மாலுமிகள் 'சவப்பெட்டிக் கப்பல்' என்றார்கள். இந்தக் கப்பலில் ஏற மாட்டேன் என்று மறுத்த மாலுமியை ஒப்பந்தத்தை மீறினான் என்று சிறையில் போட்டார்கள். ஆபத்தைச் சொன்னவன்தான் குற்றவாளி. சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1873இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1875இல் மசோதாவைக் கைவிடப் பார்த்தபோது அவையிலேயே கத்தித் தீர்த்தார். 1876இல் சட்டம் வந்தது. இன்றைக்கும் கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டால் பாரம் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் துறைமுகத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே காப்பீடு முதலாளிக்குக் கிடைத்தது, இங்கே செத்தவருக்குக் கிடைப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் சாலையில் அப்படிக் கோடு எதுவும் இல்லை. அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நடந்த காலத்தில் கரும்பு டிராக்டர் பின்னால் சைக்கிள் மிதித்த யாருக்கும் தெரியும். சோகை சாலையின் இரண்டு பக்கமும் உரசும், பின்விளக்கு கரும்புக்குள் மறைந்திருக்கும், மேலே வெட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருட்டில் அது பெரிய கறுப்புப் பொதி. சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கும் 20,000. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகவும் முடியாது. கூடுதல் சுமையை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று பரம்ஜித் பாசின் வழக்கில் 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்மிட்டுக்கு மாறாக வண்டியைப் பயன்படுத்தினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நோயாளியையோ அடிபட்டவரையோ அவசரத்துக்கு ஏற்றிப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு, பயப்பட வேண்டாம்.

இந்தப் பிரிவுகளில் நாம் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகள். ஆனால் போனில் புகார் சொன்னால் என்ன நடக்கிறது? சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். ஓட்டுகிற தம்பி நம் காலனிக்காரன், அவன் உரிமத்தைப் பிடுங்குவார்கள். பெண்கள் இறங்கி நடப்பார்கள். உரிமையாளர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், கசப்பாக இருந்தாலும். செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்குப் போகும் வேன்களின் கூரைமேல் நம் பையன்கள் ஏறி நிற்கிறார்கள். வாகனக் கட்டுப்பாடு என்ற பெயரில் நம்மை ஊரிலேயே முடக்கப் பார்ப்பதை எதிர்த்து நாங்களும் முழக்கம் போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம். 2011இல் பரமக்குடியில் நம்மைச் சுட்டவர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கத் தகுதி இல்லை. அதற்காகக் கூரைமேல் நிற்பது வீரம் ஆகிவிடாது. அடுத்த சாதிக்காரன் வேனை மட்டும் படம் பிடித்து அனுப்பிவிட்டு நம் வேனுக்குக் கண்ணை மூடிக்கொண்டால், நாளைக்கு நம் புகாரை யார் நம்புவார்கள்?

படிப்பு வட்டம் கடைசியில் ஒரு மனு எழுதியது. போன் பண்ணவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதற்காக எழுத்தில் எழுதினோம், ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். வண்டி எண், தேதி, நேரம், இடம், தொட்டியில் இருந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. பெண்களின் முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படத்தைச் சேர்த்தோம். இரண்டாவது கோரிக்கையாக, காலை ஐந்து மணிக்குக் காலனி நிறுத்தத்திலிருந்து ஒரு நகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் ஐந்து மணிக்குப் பேருந்தே இல்லாதபோது இலவசத்தை வைத்து என்ன செய்வது? 2024 ஜனவரியில் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தபோது அதற்குச் சாலை போட முடிந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருந்தோம். பிறகு, வம்பாகத் தெரியும் என்று அதை எடுத்துவிட்டோம்.

அந்தத் தங்கை மனுவை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாராம். "ஓட்டுற தம்பி பேர எடுத்துரு. அவனும் எங்கள மாதிரி கூலிதான். வண்டி யாருது, எங்கள வேலைக்குக் கூப்புட்டது யாரு, அவுக பேரப் போடு."

ஓட்டுநர் பெயரை அடித்துவிட்டு, வண்டி உரிமையாளர் பெயரையும் மேஸ்திரி பெயரையும் நில உரிமையாளர் பெயரையும் எழுதினோம். கீழே பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் கைநாட்டு வைத்தார்கள். முதல் கைநாட்டு அந்த அம்மாவுடையது.