தனுஷ்கோடிக்கு பஸ் ஏறும் முன்



பொங்கல் முடிந்ததும் நம் அசோசியேஷன் சார்பில் ராமேஸ்வரம் போகிறோம். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கோயில், பாம்பன் பாலம், குந்துகால், தனுஷ்கோடி, கடைசியில் அரிச்சல்முனை. கடலோர இடங்கள் நான்குக்கும் எதிரே ‘போட்டோ எடுக்க ஏற்றது’ என்று ஒரே குறிப்பு. தவறில்லை, நானும் எடுப்பேன். ஆனால் அந்த இடங்கள் எதற்காக உண்டானவை என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும்.

நம் மூன்று பிளாக்கிலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. எனக்குப் பரளச்சி. 1985-இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை பரளச்சியும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தத் தீவு இலங்கைக்குப் போகிற வாசல். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, கரிசலில் போட்ட விதை வீணான வருஷங்களில் கங்காணிகள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வருவார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை என்பார்கள்.

அவர் போன வழியில்தான் நம் பஸ்ஸும் போகும். தீவுக்குள் நுழையும் முன் மண்டபம் வரும். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே முகாமில் தங்கவைத்து, அம்மை ஊசி போட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்புவார்கள். பட்டியலில் மண்டபம் இல்லை. வண்டி அங்கே நிற்காது, ஜன்னல் வழியாகவாவது பாருங்கள்.

அடுத்து பாம்பன். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரு கதவுகள்போல் மேலே விரியும், ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். நாம் பஸ்ஸில் போகும் சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். (நம் பி பிளாக் லிஃப்டைவிட ஒழுங்காகவே போகிறது!) 1914-இல் அந்தப் பாலத்தைக் கட்டியதே சென்னையிலிருந்து வரும் ரயிலைத் தனுஷ்கோடியில் நிற்கும் கப்பலோடு சேர்க்கத்தான். ‘போட் மெயில்’ என்ற பெயர் அப்படி வந்தது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்.

குந்துகால் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய கரை. அவர் வந்ததும் இலங்கையிலிருந்துதான்.

தனுஷ்கோடியில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம். பவளக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிற சுவர்களைப் பார்த்தால் ஏதோ ராஜா காலத்து இடிபாடு என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். நம்மில் பலர் பிறந்த பிறகும் அது உயிரோடிருந்த ஊர். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளி, மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடியை மட்டும் மீண்டும் கட்டவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. போன வாசல் கடலோடு போய்விட்டதால் அவர்கள் ராமேஸ்வரத்தில் வந்திறங்கினார்கள். எங்கள் பெரிய தாத்தாவும் ஒரு தகரப் பெட்டியோடு அப்படி வந்தவர்தான். பரளச்சியில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர். சாகும் வரை அவரை ‘சிலோன்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவரை அவர் ‘இந்தியாக்காரர்’.

1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து படகில் தப்பி வந்தவர்கள் இறங்கியதும் இதே கரைகளில். மண்டபம் முகாம் அவர்களுக்கானது. 2022-இல் அங்கே விலைவாசி தாங்காமல் வந்த குடும்பங்களும் அரிச்சல்முனைப் பக்கம்தான் கரையேறின.

ஆகவே இரண்டு வேண்டுகோள். தனுஷ்கோடிச் சுவர்களில் ஏற வேண்டாம், பெயர் கிறுக்க வேண்டாம், நினைவுக்கு என்று கல்லும் எடுத்துவர வேண்டாம். அரிச்சல்முனையில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. பெண்கடல், ஆண்கடல் என்று உள்ளூரார் சொல்லும் இரண்டும் அங்கே சேர்கின்றன, இழுப்பு பலமாக இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிலோன் பாஸ்போர்ட்டோ மண்டபம் முகாமில் கொடுத்த அட்டையோ இருந்தால் பயணத்தன்று எடுத்து வாருங்கள். பஸ்ஸில் எல்லோரும் பார்ப்போம். சம்மதித்தால் படமெடுத்து அடுத்த இதழில் போடலாம். எங்கள் வீட்டில் அந்தத் தகரப் பெட்டி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறோம்.