திரையில் சேரும் எழுத்து: மலையகப் பிள்ளைகளின் தொடக்க வாசிப்பும் தொலைக்காட்சியும்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளின் கூரைகளின் மேல் டிஷ் அன்டனாக்கள் நிற்பது இன்று வழக்கமான காட்சி. ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் குசினியுமாக ஒடுங்கிய வீட்டில் புத்தக அலுமாரிக்கு இடம் கிடைப்பது அரிது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெட்டி மாலை முழுவதும் தமிழில் பேசுகிறது, பாடுகிறது, அழுகிறது. அதன் முன் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்தை ஒலியோடு சேர்த்துக் காட்டும் வேலையை மட்டும் அது பெரும்பாலும் செய்வதில்லை. இந்த வேலையைத் தொலைக்காட்சியால் செய்ய முடியும் என்பதும், மலையகத்தில் அது பலிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம். நிகழ்ச்சி பிள்ளையின் வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்கித் தமிழ் எழுத்தின் தனி இயல்புகளை எடுத்துக் காட்டவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஒரு பெரியவரின் துணையோடு கூட்டாகப் பார்க்கப்படவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் வகுப்பறைப் பாடத்தைப் படம்பிடித்து ஒளிபரப்பினால் அது வாசிப்பு நிகழ்ச்சி ஆகிவிடாது.

தொலைக்காட்சியால் வாசிப்புக்கு முந்திய திறன்களைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சான்றுகள் சேர்ந்துள்ளன. ஜோன் கான்ஸ் கூனியின் தலைமையில் உருவான 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பைத் தொடங்கியது. முன்பள்ளி வசதி கிடைக்காத ஏழைப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அது திட்டமிடப்பட்டது. அடுத்த ஆண்டு சாமுவேல் போலும் ஜெரி ஆன் போகாட்ஸும் வெளியிட்ட மதிப்பீட்டில், கூடுதலாகப் பார்த்த பிள்ளைகளே கூடுதலாகக் கற்றிருந்தனர். நிகழ்ச்சி திட்டமிட்டுக் கற்பித்த எழுத்து, எண் போன்றவற்றில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. பிற்காலத்தில் மெலிசா கியர்னியும் பிலிப் லெவினும் இதை வேறு வழியில் சோதித்தனர். அலைவரிசைச் சிக்கலால் அன்றைய அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு நிகழ்ச்சி எட்டவில்லை. எட்டிய இடத்துப் பிள்ளைகளையும் எட்டாத இடத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, எட்டிய இடத்தவர் வயதுக்கேற்ற வகுப்பில் இருக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை 2019இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. 15 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த மேரி-லூயிஸ் மாரெஸ், சோங்டாங் பான் ஆகியோரின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதே திசையைச் சுட்டுகிறது.

இச்சான்றுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தோடு தொடர்புடையது. தமிழுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்துகளோடு தொடங்குகிறது. தமிழ்ப் பிள்ளையின் முன்னால் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் நிற்கின்றன. தமிழைப் போலவே உயிர்மெய் முறையில் அமைந்த கன்னடத்தில் சோனாலி நாக் நடத்திய ஆய்வுகள், எழுத்தறிவு முழுமைபெற நான்காம் வகுப்பு வரையிலும் அதற்கு அப்பாலும் நாள் பிடிப்பதைக் காட்டின. ஆகவே முதல் வகுப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பிள்ளைமேல் சுமத்தும் அநீதி. தமிழில் எண்ணிக்கையைவிட வரிசை கூடுதல் தொல்லை தருகிறது. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி ககரத்துக்கு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. அச்சிட்ட தாளில் இந்த இணைவு முடிந்த உருவமாகவே கிடக்கும். திரையில் 'க' தனியே நிற்க, கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் வந்து ஒட்ட, ஒட்டிய அதே கணத்தில் 'கொ' என்று காதில் விழச் செய்யலாம். 'காகம்' என்ற சொல்லின் முதல் ககரம் வல்லோசையாகவும் இரண்டாவது மெல்லிதாகவும் ஒலிப்பதை, ஒவ்வோர் எழுத்தும் அதன் முறை வரும்போது ஒளிர்வதால் உணர்த்தலாம். எழுத்தையும் ஒலியையும் ஒரே நேரத்தில் கண்ணுக்கும் காதுக்கும் தருவது இந்த ஊடகத்துக்கே உரிய வலிமை. தமிழ் எழுத்துக்குத் தேவைப்படுவதும் அதுவே.

அடுத்த தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. மஸ்கெலியாப் பிள்ளை அம்மா 'மல'க்குப் போவதாகச் சொல்லும். கொழுந்து பறிக்கும் இடம் அதற்கு மலைதான். பாடநூலில் அது 'மலை'. 'இலை' வீட்டில் 'எல', 'மழை' வீட்டில் 'மழ'. இம்மூன்று சொற்களின் ஈற்றிலும் ஐகாரம் பேச்சில் அகரமாகிறது; எழுத்திலோ அதன் குறி லகரத்துக்கோ ழகரத்துக்கோ முன்னால் வந்து நிற்கிறது. வாயில் இல்லாத ஒலியை, முன்பின் மாறிய குறியால் எழுதக் கற்பது ஐந்து வயதுக்குச் சிறிய காரியமன்று. இதைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர் பிள்ளையின் தாய்மொழியையே பிழையாக்கிவிடுகிறார். 'நாம் மல என்கிறோம், எழுதும்போது மலை என்கிறோம்' என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் நிகழ்ச்சி, வீட்டிலிருந்து புத்தகத்துக்குப் பாலம் போடுகிறது. இத்தகைய இரட்டை வழக்கு உள்ள அரபு மொழியில் 1979இல் குவைத்திலிருந்து 'செசமி ஸ்ட்ரீட்'டின் அரபு வடிவமான 'இஃப்தஹ் யா சிம்சிம்' தொடங்கியபோது, எளிமைப்படுத்திய பொது எழுத்து அரபையே அதன் மொழியாகக் கொண்டனர். பல நாட்டுப் பிள்ளைகள் அதை விரும்பிப் பார்த்தனர். எழுத்து வழக்கைத் திரை வழியாகப் பிள்ளையின் காதுக்குப் பழக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இலங்கை அரசு தொலைக்காட்சியை நாடியது; சிங்களத்தில் 'குருகெதர', தமிழில் 'குருகுலம்' என்ற பெயர்களில் பாடங்கள் ஒளிபரப்பாயின. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'கல்வித் தொலைக்காட்சி' தொடங்கியிருந்தது. நெருக்கடியில் இவை செய்த தொண்டு பெரிது. இலங்கையில் 200க்குக் குறைந்த மாணவர் கொண்ட ஆரம்பப் பாடசாலைகளே 2021 அக்டோபர் 21 அன்றுதான் மீண்டும் திறக்கத் தொடங்கின என்பதை நினைத்தால், பிள்ளைகள் எவ்வளவு காலம் வேறு வழியின்றி இருந்தனர் என்பது புரியும். ஆனால் ஆசிரியர், பலகை, பாடநூல் என்ற வகுப்பறை அமைப்பே திரைக்கு இடம் மாறும்போது, ஏற்கனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பயன்படும். வாசிக்கப் போகும் பிள்ளைக்குப் பாட்டு, மீள்வருகை, அசையும் எழுத்து, தனக்குத் தெரிந்த உலகம் ஆகியவை வேண்டும்.

இங்கே மிக வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. தாமஸ் குக்கும் அவருடைய குழுவினரும் 1975இல் 'செசமி ஸ்ட்ரீட்' தரவுகளை மறுபடி ஆராய்ந்து, பார்க்கும்படி வீடுவீடாகச் சென்று ஊக்குவித்ததே பயனில் பெரும்பங்கு தந்தது என்றும், தானாகப் பார்ப்பதனால் வசதியுள்ள பிள்ளைகளே முந்திச்சென்று இடைவெளி விரியலாம் என்றும் எச்சரித்தனர். இந்த எச்சரிக்கையை ஏற்கவேண்டும். ஏற்றால் அது இக்கட்டுரையின் இரண்டாம் நிபந்தனையாகிறது. ஊக்குவிப்பே பயனைத் தருகிறதென்றால், ஊக்குவிப்பவரை நிகழ்ச்சியோடு சேர்த்தே ஏற்பாடு செய்யவேண்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் தாய் பிள்ளையை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம் தோட்டங்களில் ஏற்கனவே உள்ளது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கீழ் அது சிறுவர் அபிவிருத்தி நிலையமாக வளர்ந்திருக்கிறது. அங்கே வசதியுள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்ற பிரிவு குறைவு. எல்லாரும் ஒரே திரையைப் பார்ப்பர். 1975 முதல் 1976 வரை இந்தியாவில் நடந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனையில் 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களில் பெட்டிகள் பொது இடங்களில் வைக்கப்பட்டன. கூட்டாகப் பார்ப்பது வறிய கிராமத்திலும் நடைமுறைக்கு ஒத்தது என்பதை அது மெய்ப்பித்தது. 15 நிமிட நிகழ்ச்சி முடிந்ததும் பராமரிப்பாளர் 'எல எங்க இருக்கு?' என்று கேட்க, பிள்ளைகள் வாசலில் இருந்து ஓர் இலையைக் கொண்டுவந்து எழுத்தின் அருகே வைத்தால் ஊக்குவிப்பு நடந்தாயிற்று.

திரை பிள்ளைகளைச் செயலற்றவர்களாக்கும் என்ற கவலையும் நியாயமானது. மிகச் சிறு பிள்ளைகள் நேரில் காண்பதிலிருந்து கற்பதைவிடத் திரையிலிருந்து குறைவாகவே கற்கின்றனர் என்பது உளவியல் ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. எனவே மூன்று வயதுக்குக் கீழே இத்திட்டத்துக்கு வேலையில்லை. மூன்று முதல் ஆறு வயது வரை, நாளுக்கு 15 நிமிடம் போதும். இத்திட்டத்துக்கான பணத்தை ஆசிரியருக்கும் புத்தகத்துக்கும் செலவிடலாமே என்பாருக்கும் பதில் உண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. அரசு அப்பாடசாலைகளைப் பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். இவ்வளவு காலம் பின்தள்ளப்பட்ட சமூகத்துக்கு ஆசிரியரா, திரையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. நிகழ்ச்சி ஆசிரியரின் இடத்தை எடுக்காது. தரம் 1இல் அவர் கையில் கிடைக்கும் பிள்ளையை ஆயத்தப்படுத்தும். எழுதும் பழக்கமும் புத்தகத்தைப் புரட்டும் பழக்கமும் திரையில் கிடைக்கமாட்டா. ஆகவே திரை வரும் பிள்ளை மடுவத்துக்குப் படக்கதைப் புத்தகங்களும் வரவேண்டும்.

இவ்வளவு சிறிய பார்வையாளர் கூட்டத்துக்கு யார் செலவிடுவர் என்பது கடைசி மறுப்பு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் சுமார் 8.4 இலட்சம் பேர். ஆனால் நிகழ்ச்சியில் எழுத்து அசையும் பகுதிகள் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. அவற்றை ஒருமுறை தயாரித்தால் எங்கும் பயன்படுத்தலாம். சொற்களும் காட்சிகளும் மட்டும் அந்தந்த இடத்தவையாக வேண்டும். செலவு குறைந்த இன்னொரு வழியும் உண்டு. பிரிஜ் கோத்தாரி 1996 முதல் இந்தியாவில் முன்னெடுத்த முறையில், திரைப்பாடல் ஒலிக்கும்போதே அதன் வரிகள் அதே மொழியில் திரையின் அடியில் ஓடும். லயத்தில் தினமும் ஓடும் பாட்டு அலைவரிசைகளில் அதைச் சேர்ப்பதற்கு மிகக் குறைந்த செலவே ஆகும். வீட்டில் அரைகுறையாக வாசிக்கும் பெற்றோருக்கும் அது பயிற்சியாகும்.

1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானின் உதவியோடு தொடங்கிய இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் முதன்மை ஒளிபரப்பு நிலையம் பிதுருதலாகல உச்சியில், நுவரெலியா மாவட்டத்தின் தேயிலை மலைகளுக்கு மேலேயே நிற்கிறது. அலையும் பெட்டியும் பிள்ளை மடுவமும் ஏற்கனவே இருக்கின்றன. இல்லாதது நிகழ்ச்சியும், அதைப் பயன்படுத்தப் பராமரிப்பாளர்களுக்கான பயிற்சியும். தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும், ரூபவாஹினி தயாரிப்பையும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பிள்ளை மடுவங்களையும் ஏற்றால், மஸ்கெலியா போன்ற ஒரு பிரதேசத்தில் ஓராண்டு நடத்தி, பார்த்த பிள்ளைகளையும் பாராத பிள்ளைகளையும் தரம் 1இன் வாசலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் நிகழ்ச்சியின் முதல் சொல் 'மலை'யாக இருக்கட்டும். அம்மா காலையில் எங்கே போனாள் என்பதைப் பிள்ளை முதன்முதலாக எழுத்தில் வாசிக்கும்.